கணக்கு எழுத வருகிறவர் யார்?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். அடிப்பகுதிச் சுவர்களில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். அவற்றில் பெரும்பகுதி கணக்கு! இன்ன நகை, இத்தனை எடை. இன்னாருக்கு ஆண்டுக்கு இத்தனை கலம் நெல். அந்த நெல்லை அளப்பதற்கு 'ஆடவல்லான்' என்ற பெயரில் ஒரு மரக்கால்.

ஒரே ஒரு விளக்கின் கணக்கை எடுத்துக்கொள்வோம். விளக்கு ஒன்று அணையாமல் எரிவதற்காக 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைத்தார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டா? ஆடு சாகும், அதன் இடத்துக்குக் குட்டி வரும், 96 என்ற எண் மட்டும் குறையக்கூடாது. முதல் வேறு, வருமானம் வேறு என்று இன்று வணிகவியல் வகுப்பில் சொல்லித் தருகிறார்களே, அதுதான் இது. ஆடு முதல், நெய் வருமானம். (முதலைத் தின்றுவிட்டு 'லாபம்' என்று சொல்லிக்கொள்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஆடிட்டருக்கு வேலை இருப்பது அதனால்தான்.)

இந்த வேலையை ஒருவர் ஏன் விரும்பி ஏற்கிறார்? கல்லூரி மாணவர்களிடம் இதை ஆராய்ந்தவர்கள் பலர், ஐசெக் ஐசன் என்னும் உளவியல் அறிஞர் 1991-இல் விளக்கிய கொள்கையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது என்பது அது. அச்செயலைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்து ஒன்று. வீட்டாரும் நண்பர்களும் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பு மற்றொன்று. மூன்றாவது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை.

மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா என்று ஜூன் மாதம் ஏங்குவதும், ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல் காத்துக் கிடப்பதும் டெல்டாப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அவர்களுக்கு நிலையான வருமானம் பெரிய கவர்ச்சி. வீட்டாரும் அதையே விரும்புவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிலையான வருமானம் வேறு வேலைகளிலும் கிடைக்குமே! விதை, உரம், நடவுக் கூலி, அறுப்புக் கூலி எல்லாம் போக இந்தக் குறுவையில் உண்மையில் நின்றது என்ன என்று அப்பாவின் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்க்கிற பிள்ளை இருக்கிறானே, அவனை இழுப்பது வேலையேதான்.

மூன்றாவது காரணத்துக்கு ஒரு வரலாறே உண்டு. கிராமக் கணக்கை எழுதிய கர்ணம் வேலை பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்துவந்தது. அடுத்த தெருப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் 'என்னால் முடியும்' என்று நினைக்க வழியில்லை. 1980-இல் தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. பின்னர் அவ்வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

பெண்களின் நிலை? சென்னையில் ஆர். சிவபோகம் என்ற இளம்பெண் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். கணக்கியல் படிப்பது என்று அவர் முடிவு செய்தது அந்தச் சிறையில்தான்! 1933-இல் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் குறுக்கே நின்றது. வழக்குத் தொடர்ந்து வென்ற பிறகே 1937-இல் தொழிலைத் தொடங்கினார். வீட்டார் சொன்னார்கள், சம்பளம் வரும் என்ற காரணங்கள் மட்டும் அவரை இத்தனை தூரம் கொண்டுவந்திருக்குமா?

இன்று மன்னார்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவி எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் பட்டயக் கணக்காளர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எழுதலாம். அதன்பின் இடைநிலைத் தேர்வு, ஓர் ஆடிட்டரிடம் இரண்டாண்டுப் பயிற்சி, இறுதித் தேர்வு. முதல் முறையிலேயே தேறாமல் மீண்டும் மீண்டும் எழுதுகிறவர்கள் ஏராளம். பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகையும் சிறியதுதான்.