கண்ணுக்குத் தெரியாத சிறுமி!

மழை பெய்யும் இரவு. வீட்டில் எல்லோரும் மேஜையைச் சுற்றி அமர்ந்து காளான்களைச் சுத்தம் செய்து கொண்டிருக்கிறார்கள். குடும்ப சிநேகிதி ஒருத்தி உள்ளே வருகிறாள். ஒரு சிறுமியை அழைத்து வந்திருப்பதாகச் சொல்கிறாள்.

சிறுமி எங்கே? யாரையும் காணோம்! மணி ஒன்றின் ஓசை மட்டும் கேட்கிறது. ஆம்! கழுத்தில் மணி கட்டிய அந்தச் சிறுமி, கண்ணுக்கே தெரியாதவள்!

அவள் பெயர் நின்னி. அவளை வளர்த்த மாது அடித்து உதைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் குத்தலாகப் பேசினாள், ஏளனம் செய்தாள். குழந்தை பயந்து பயந்து வெளிறிப் போனாள். கடைசியில் மறைந்தே போனாள்!

மனிதர் இல்லாத உலகம்

இந்தக் கதை நடக்கும் இடம், மூமின் பள்ளத்தாக்கு. அங்கே வாழ்பவர்கள் மனிதர்கள் அல்லர். வெள்ளை உடல், பெரிய மூக்கு, தொந்தி, சிறிய வால். பார்த்தால் நீர்யானைக் குட்டி போல இருப்பார்கள். அவர்களே மூமின்கள். குளிர்காலம் வந்தால், பைன் மர இலைகளை வயிறு நிறையத் தின்றுவிட்டு, வசந்தம் வரும் வரை தூங்குவார்கள்!

இந்த உலகத்தைப் படைத்தவர், பின்லாந்து நாட்டு எழுத்தாளர் டூவே யான்சன். 1914-ல் ஹெல்சிங்கி நகரில் பிறந்தவர். தந்தை சிற்பி, தாய் ஓவியர். டூவேயும் ஓவியரே. தம் கதைகளுக்குத் தாமே படமும் வரைந்தார்.

1939-ல் பின்லாந்தில் போர் மூண்டது. மனம் நொந்திருந்த அந்த நாட்களில்தான் டூவே மூமின் கதையை எழுதத் தொடங்கினார். முதல் புத்தகம் 1945-ல் வெளிவந்தது. நின்னியின் கதை இடம் பெற்ற தொகுப்பு, 1962-ல் வந்தது. அதில் மொத்தம் 9 கதைகள். குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது 1966-ல் டூவேயைத் தேடி வந்தது. 2001-ல் அவர் காலமானார்.

அன்பு என்ற மருந்து

சரி, நின்னி என்ன ஆனாள்?

மூமின் அம்மா அவளைக் கேள்வி கேட்டுத் துளைக்கவில்லை. பாட்டியின் பழைய ஏட்டைப் புரட்டி மருந்து தயாரித்தாள். படுக்கை விரித்துத் தூங்க வைத்தாள். மறுநாள் காலையில், படியில் இரண்டு சின்னஞ்சிறு பாதங்கள் மட்டும் இறங்கி வந்தன!

ஒரு நாள் நின்னி கைதவறி ஒரு ஜாடியை உடைத்து விட்டாள். பயத்தில் பாதங்கள் மறுபடியும் மங்கின. அம்மா திட்டவில்லை. அந்த ஜாடி வண்டுக்குக் கொடுக்க வைத்திருந்ததுதான் என்று சொல்லிவிட்டாள். மறைந்த பாதங்கள் மீண்டும் தெரிந்தன! பிறகு அம்மா தன் பழைய சால்வையை வெட்டி அவளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தாள். கழுத்து வரை உருவம் வந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை.

ஒரு நாள் கடற்கரையில் மூமின் அப்பா, விளையாட்டாக அம்மாவைத் தண்ணீரில் தள்ளுவது போலப் பின்னால் பதுங்கி வந்தார். நின்னிக்கு அது விளையாட்டு என்று தெரியவில்லை. பாய்ந்து வந்து அவர் வாலைக் கடித்து விட்டாள்! அந்தக் கணமே, கோபத்தில் சிவந்த அவள் முகம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது!

அன்பு அவளுக்கு உடலைத் திருப்பித் தந்தது. அன்பு காட்டியவளுக்காக வந்த கோபமோ, முகத்தையே தந்துவிட்டது.

வீட்டில் ஒரு குழந்தை பேச்சைக் குறைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்குகிறதா? அதை அடக்கம் என்று எண்ணி மகிழ வேண்டாம். அது மெல்ல மெல்ல மறைந்து கொண்டிருக்கலாம்!