ஐந்து நாள் லீவில் ஆப்பிரிக்கக் காடு!

சிங்கம் பார்க்க ஆப்பிரிக்கா போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி: "ஏன் சார், வண்டலூர்ல இல்லையா?" இரண்டாவது கேள்வி: "மாமனார் செலவா?" மூன்றாவது கேள்வி மேனேஜரிடமிருந்து வரும்: "எத்தனை நாள்?"

முதல் இரண்டுக்கும் ஒரு புன்னகை போதும். மூன்றாவதற்குத்தான் கணக்குப் போட வேண்டும். ஐந்து நாள் லீவு. முன்னால் ஒரு சனி, ஞாயிறு. பின்னால் ஒரு சனி, ஞாயிறு. ஆக ஒன்பது நாள். இதற்குள் காட்டைப் பார்க்க முடியுமா? முடியும். நானும் ஆடிட்டிங் வேலை பார்க்கும் என் நண்பனும் அப்படித்தான் போய் வந்தோம். ஒரே நிபந்தனை... ஆசையை அடக்க வேண்டும்!

நண்பன் முதலில் போட்ட பட்டியல் இது: தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, விக்டோரியா அருவி, நமீபியா பாலைவனம். "மச்சான், போறதே ஒரு தடவை. எல்லாத்தையும் பாத்துடலாம்டா!"

தென் ஆப்பிரிக்க வரைபடத்தில் ஒரு விரல் தூரம் என்பது நிஜத்தில் ஒரு நாள் பயணம். நாலு தேசம் போனால் நாலு ஏர்போர்ட்டைப் பார்க்கலாம். விலங்கு? டி.வி.யில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாடு, ஒரு காடு. இதுதான் முதல் பயணத்துக்கு விதி.

எந்தக் காடு?

எங்கள் ஓட்டு க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு. தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொஸாம்பிக் எல்லையை ஒட்டி நீளவாக்கில் படுத்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1926-ல் தேசியப் பூங்கா ஆனது. 1927-ல் முதன்முதலாகச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தபோது, அந்த வருஷம் முழுக்க வந்த கார்கள் மொத்தம் மூன்று! இன்றைக்கு ஒரு சிங்கம் படுத்திருந்தால் அதைச் சுற்றி முப்பது கார் நிற்கிறது.

க்ரூகரின் பெரிய சௌகரியம், நம் காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது. முக்கியமான சாலைகள் தார் ரோடு. நம்மைப் போலவே இடது பக்க டிராஃபிக். உள்ளே அரசாங்கத்தின் தங்கும் முகாம்கள் இருக்கின்றன. வேலி போட்ட முகாம், கூரை வேய்ந்த வட்டக் குடிசை, குடிசைக்குள் கட்டில், ஃபிரிட்ஜ். பெட்ரோல் பங்க், கடை, ஓட்டல் எல்லாம் பெரிய முகாம்களில் உண்டு.

இன்னொரு வகை, பக்கத்திலேயே இருக்கும் தனியார் காடுகள். ஸாபி ஸாண்ட் அவற்றில் பிரபலம். க்ரூகருக்கும் அதற்கும் நடுவே இருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் சிங்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பில்லில்தான் வித்தியாசம்! தனியார் லாட்ஜில் திறந்த ஜீப், கைடு, தடம் பார்ப்பவர், வேளா வேளைக்குச் சாப்பாடு என்று ராஜ மரியாதை. ரோட்டை விட்டு இறங்கிப் புதருக்குள்ளும் போவார்கள். ஒரு ராத்திரி வாடகையில் அரசு முகாமில் பல ராத்திரி தங்கிவிடலாம். பர்ஸ் கனமாக இருந்தால் கடைசியில் ஒரு ராத்திரி மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் பர்ஸ் லேசு.

கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. விக்டோரியா அருவியில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் போட்ஸ்வானாவின் கஸானே என்ற ஊருக்கு எல்லை தாண்டிப் போய்விடலாம். ஒட்டினாற்போல் சோபே தேசியப் பூங்கா. ஆற்றில் படகிலேயே போய் யானைக் கூட்டம் நீந்துவதைப் பார்க்கலாம். அருவியும் ஆச்சு, ஆனையும் ஆச்சு.

எப்போது போவது?

அங்கே பருவம் நமக்குத் தலைகீழ். மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம், மழை கிடையாது. புல் காய்ந்து படுத்துவிடும், இலை உதிர்ந்துவிடும். குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்தே தீர வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இதுதான் சீஸன்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை, வெயில், பச்சைப் பசேல். பறவை பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆளுயரப் புல்லுக்குள் சிங்கம் படுத்திருந்தால் அதன் வால் நுனிகூடத் தெரியாது. கொசுவும் அப்போதுதான் அதிகம். க்ரூகர் மலேரியாப் பகுதி. எந்த மாதம் போனாலும் டாக்டரைப் பார்த்து, தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆப்பிரிக்கா... கொளுத்தும்டா" என்று நண்பன் வெறும் டி-ஷர்ட்டாக அடுக்கினான். ஜூலை மாத விடியற்காலையில், திறந்த வண்டியில், ஊட்டி தோற்றுவிடும். ஸ்வெட்டர், குல்லா, கையுறை மூன்றும் அவசியம். பத்து மணிக்கு மேல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டி-ஷர்ட்டுக்கு வந்துவிடலாம்.

காகிதப் படலம்

நம் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. விதிகள் அவ்வப்போது மாறுவதால் தூதரகத்தின் தகவலைப் பார்த்து, சாவகாசமாக இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முகாம் அறைகளை அதற்கும் முன்னால் புக் செய்ய வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூட லீவில் உள்ளூர்க்காரர்களே மொத்தமாகக் குவிந்துவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரே தாவலில் போக முடியாது. வளைகுடா வழியாகவோ, அடிஸ் அபாபா, நைரோபி வழியாகவோ மாறிப் போக வேண்டும். இங்கேதான் ஒரு சூட்சுமம். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அங்கே ஏர்போர்ட்டில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ, வெளியே காலெடுத்து வைத்தாலோ, தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். திரும்பும்போது நம் ஊரிலும் இதில் கண்டிப்பு உண்டு. அந்த வழியாகப் போவதானால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரித்த இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சர்ட்டிஃபிகேட் செல்லும். முதல் நாள் ஓடிப் பிரயோஜனமில்லை!

வாடகைக் காருக்கு நம் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அதில் ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு, காரைத் திருப்பித் தந்த பிறகு விடுவிப்பார்கள். ஜீப்பெல்லாம் வேண்டாம், சாதாரண கார் போதும். கொஞ்சம் உயரமான வண்டியாக இருந்தால் புல்லுக்கு மேலே பார்வை போகும்.

செலவைக் குறைக்க ஒரே வழி, நண்பர்களோடு போவது. கார் வாடகையும் குடிசை வாடகையும் பங்கு பிரிந்துவிடும். பூங்காக் கட்டணம் மட்டும் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது அதிகம். அதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒன்பது நாள் டைம்டேபிள்

சனிக்கிழமை விமானம். ராத்திரி ஜோகன்னஸ்பர்க்கில் படுக்கை. இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம்தான் பின்னால் என்பதால் தூக்கம் கெடாது.

ஞாயிறு காலை காரை எடுங்கள். தெற்கு வாசல்களுக்குச் சுமார் ஐந்து மணி நேர ஓட்டம். வழியில் பெரிய ஊரில் அரிசி, பருப்பு, ரொட்டி, தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வெஜிடேரியன்களுக்கு இது உயிர் காக்கும் யோசனை. அந்த ஊர் மெனு கார்டில் காய்கறி என்பது கறிக்குப் பக்கத்தில் வைக்கும் அலங்காரம்! இருட்டும் முன் போய்ச் சேர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

முதல் இரண்டு ராத்திரி லோயர் ஸாபி முகாம். பக்கத்திலேயே ஸன்செட் டாம் என்று ஒரு ஏரி. காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் போதும். நீர்யானைகள் கொட்டாவி விட, முதலைகள் வெயில் காய, நமக்கு இலவச சினிமா.

மூன்றாவது ராத்திரி ஸ்குகூஸா. லோயர் ஸாபியிலிருந்து ஆற்றை ஒட்டியே ரோடு, நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க நாங்கள் எடுத்துக்கொண்டது நாலரை மணி நேரம். தார் ரோட்டில் வேக வரம்பு 50, மண் ரோட்டில் 40. நின்று நின்று பார்த்தால் மணிக்கு 20, 25தான் வரும். அந்தக் கணக்கில்தான் பிளான் போட வேண்டும்.

அடுத்த இரண்டு ராத்திரி ஸடாரா. வடக்கே தொண்ணூறு கிலோமீட்டர் போல. புல்வெளி தேசம், சிங்கங்களுக்குப் பேர் போனது. வெள்ளிக்கிழமை ஓர்பன் வாசல் வழியாக வெளியேறி, ப்ளைட் நதிப் பள்ளத்தாக்கை ஒரு பார்வை பார்த்து, மலையூர் ஏதாவதில் தங்கி, சனிக்கிழமை ஏர்போர்ட்.

நாலு கால் நியாயம்

ஜூன், ஜூலையில் முகாம் கதவு காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 5.30-க்கு மூடும். லேட்டாக வந்தால் அபராதம். "யானை வழி மறிச்சுது சார்" என்பது அங்கே செல்லாத லீவு லெட்டர். எல்லாரும்தான் சொல்கிறார்கள்!

கதவு திறக்கும் நேரத்துக்கே கிளம்புங்கள். முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான் வேட்டை நேரம். நடுப்பகலில் சிங்கம், அரசு விடுமுறையன்று நாம் இருப்பதுபோல இருக்கும்.

'பிக் ஃபைவ்' என்று ஐந்து விலங்கைச் சொல்வார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. இது உருவத்தை வைத்து வந்த பெயரில்லை. நடந்து போய் வேட்டையாட எது எது ஆபத்து என்று அந்தக் கால வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். அதை டிக் அடித்துக்கொண்டே திரிந்தால் ஒட்டகச்சிவிங்கி கால்களை அகட்டித் தண்ணீர் குடிக்கும் அழகைக் கோட்டை விடுவீர்கள். (புலி எங்கே என்று கேட்கக் கூடாது. ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாது.)

குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் என்ன என்பதற்கு ஸ்குகூஸாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1903-ல் ஹாரி வோல்ஹூட்டர் என்ற ரேஞ்சரை, குதிரையில் போகும்போது ஒரு சிங்கம் கீழே தள்ளி, வலது தோளைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. மனுஷர் இடது கையால் இடுப்புக் கத்தியை உருவிச் சிங்கத்தைக் குத்தினார். பிறகு மரத்தில் ஏறி, மயங்கி விழாமலிருக்கத் தன்னைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது சிங்கத்தை அவருடைய நாய் குரைத்தே விலக்கி வைத்தது. அந்தக் கத்தியும் சிங்கத் தோலும் இன்னும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. நண்பன் அதைப் பார்த்துவிட்டு வந்தபிறகு, காரின் கண்ணாடியை இறக்கவே யோசித்தான்.

யானைக்கு எப்போதும் வழி விடுங்கள். காதை விரித்துத் தலையை ஆட்டினால் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் பின்னுக்கு வாருங்கள். குரங்குகளிடமும் ஜாக்கிரதை. முகாமில் பிரட் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போன ஒரு ஜெர்மன் தம்பதி, திரும்பி வந்தபோது மேஜை மட்டும் இருந்தது!

கடைசியாக ஒன்று

காண்டாமிருகம். வெள்ளைக் காண்டாமிருகம் என்கிற இனம் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தெற்கு ஆப்பிரிக்காவில் நூறுகூடத் தேறாத நிலைக்கு வந்துவிட்டது. நடாலில் மிஞ்சியவற்றைக் காப்பாற்றிப் பெருக்கி, 1961 முதல் க்ரூகருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் கொம்புத் திருடர்கள் வந்தார்கள். 2014-ல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்களைக் கொன்றார்கள். அத்தனையும் நம் நகத்தில் இருக்கும் அதே சரக்குக்காக! இப்போது பல மிருகங்களுக்கு அதிகாரிகளே கொம்பை அறுத்துவிடுகிறார்கள், உயிராவது மிஞ்சட்டும் என்று.

அதனால் காண்டாமிருகத்தைப் போட்டோ எடுத்தால் செல்போனில் இடம் பதிவாவதை முதலில் அணைத்துவிடுங்கள். எந்த ரோடு, எந்தக் குட்டை என்று யாருக்கும் சொல்லாதீர்கள். முகாமில் இன்று எது எங்கே தென்பட்டது என்று குறிக்கும் பலகையிலும் போடாதீர்கள். திருடனும் அதே பலகையைத்தான் பார்ப்பான்.

நாங்கள் இரண்டு பார்த்தோம். ஒரு தாய், அதன் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி. பத்தடியில் நின்று புல்லை மேய்ந்தன. தாய்க்குக் கொம்பு இல்லை, அறுத்த தடம் மட்டும் மழமழவென்று தெரிந்தது. ஒன்பது நாளும் வாய் ஓயாத என் நண்பன் அந்த இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எந்த இடத்தில் என்று கேட்கிறீர்களா?

ஸாரி சார்!