மைக்ரோவேவில் சோளப்பொரி: பாகை மட்டும் பார்த்து ஊற்றுங்கள்

திருக்கார்த்திகைக்குப் பொரியில் வெல்லப்பாகு சேர்த்து உருண்டை பிடிப்பது நம் பக்கத்து வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் யாரும் அதைக் கணக்குப் பார்ப்பதில்லை. இனிப்புப் பாப்கார்ன் அப்படியல்ல. கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனாலும் கேட்கிறார்கள், சிதம்பரத்தில் ஆனித் தேர், மார்கழித் தேர் பார்க்கப் போனாலும் கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று இப்போது வீட்டு மைக்ரோவேவிலும் வாரம் தவறாமல் பொரிகிறது. வீட்டில் செய்வதை நான் வரவேற்கிறேன். ஆனால் எதைக் குறைப்பது, எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

சோளத்தின் மேல் குற்றமில்லை

பாப்கார்ன் முழுத்தானியம். தவிடும் முளையும் நீங்காமல் அப்படியே வாய்க்கு வருகிறது. எண்ணெய் இல்லாமல் பொரித்த மூன்று கோப்பைப் பொரியின் எடை சுமார் 24 கிராம்தான். அதில் 90 கலோரிக்குச் சற்று மேல் ஆற்றலும் மூன்றரை கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. மாலையில் பஜ்ஜியும் பிஸ்கட்டும் சாப்பிடுகிறவர்கள் இதற்கு மாறினால் நல்லதுதான்.

வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் காட்டில் விளைகிற மக்காச்சோளத்தை வாங்கி வந்து பொரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது பொரியாது. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிற ரகம் அது. பொரிக்கென்றே உள்ள சோளத்தில் மேல்தோல் கெட்டியாக, விரிசல் இல்லாமல் இருக்கும். உள்ளே ஏறத்தாழ 14 சதவீதம் ஈரம் இருக்கும். வெப்பம் 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு மாவை வெளியே தள்ளுகிறது. திறந்து வைத்த சோளம் காய்ந்து பொரியாமல் போவது இதனால்தான். காற்றுப் புகாத பாட்டிலில் வைத்திருங்கள்.

சர்க்கரை சேர்ந்தால் கணக்கு மாறுகிறது

2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்புப் பாப்கார்னுக்கு ஒரு வரி, சர்க்கரைப் பாகு பூசிய கேரமல் பாப்கார்னுக்கு 18 சதவீத வரி என்று விளக்கம் சொன்னது. சர்க்கரை ஏறியதும் அது மிட்டாய் வகைக்குப் போய்விடுகிறது என்பதே காரணம். நாடே அதைப் பேசிச் சிரித்தது. அந்த வரி நியாயமாக இருந்ததா என்பது வேறு பேச்சு. உடம்பைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு சரியானதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு அந்த ஐந்து சதவீதம் நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். காப்பி, டீயிலேயே அதில் பாதி போய்விடுகிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, 20 வயதைக் கடந்தவர்களில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டது. கடலூரை ஒட்டியிருக்கும் புதுச்சேரியில் அது 26.3 சதவீதம், அதாவது நான்கு பேரில் ஒருவருக்கு மேல். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் போட்டால் தொல்லையில்லை என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. வாசமும் கொஞ்சம் தாதுக்களும் வெல்லத்தில் கூடுதல், உண்மை. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தத்திலும் அப்படித்தான் ஏறும்.

பொட்டலமா, கிண்ணமா?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவில் அப்படியே வைக்கிற பாப்கார்ன் பொட்டலம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் நுண்குழல்கள் சுருங்கும் கடுமையான நோய் வந்தது 2000-இல் தெரியவந்தது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டையசிட்டைல் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததே காரணம் என்று கண்டார்கள். ஆபத்து முதலில் தொழிலாளர்களுக்குத்தான். பெரிய நிறுவனங்கள் பிறகு டையசிட்டைலைக் கைவிட்டன. எண்ணெய் ஊறாமல் இருக்கப் பையில் பூசும் ஃபுளோரின் வேதிப்பொருள்கள் அங்கே விற்பனையிலிருந்து விலகிவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இவ்வளவு யோசிக்க வேண்டிய பொட்டலம் நமக்கு எதற்கு? ஒரு கண்ணாடிக் கிண்ணம் போதும்.

மைக்ரோவேவுக்கு ஏற்ற, வெப்பம் தாங்கும் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கால் கோப்பை சோளம் போடுங்கள். மேலே பீங்கான் தட்டை மூடுங்கள். இறுக மூட வேண்டாம், ஆவி வெளியேற வழி வேண்டும். மூன்று நிமிடம் வைத்துக் காது கொடுங்கள். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு விநாடி இடைவெளி வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் பொரியாமல் கிடப்பவற்றுக்காக மறுபடி ஓட்டினால் பொரிந்தது கருகும். கிண்ணம் அடுப்புக்குச் சமமாகச் சுட்டிருக்கும், துணி பிடித்து எடுங்கள். தட்டை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். செய்தித்தாளில் சுற்றி வைப்பதோ, பின் அடித்த காகிதப் பையை உள்ளே விடுவதோ கூடவே கூடாது.

பாகு அடுப்பில்தான்

பொரியை மைக்ரோவேவில் பொரியுங்கள், பாகை மட்டும் அதில் காய்ச்சாதீர்கள். பதம் கண்ணுக்குத் தெரியாது. சட்டென்று பொங்கி வழியும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா என்றால் உருகியே போகும். அடுப்பில் இரண்டு மேசைக்கரண்டி வெல்லத்தூள், ஒரு கரண்டி தண்ணீர், அரைக் கரண்டி நெய் விட்டு, தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்குங்கள். ஏலக்காய், சுக்குத் தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பொரியின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். எல்லாப் பொரியிலும் பாகு ஒட்ட வேண்டியதில்லை. நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஆறேழு கிராம் இனிப்புதான் ஆகும். நிறம் எதுவும் வேண்டாம். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் அதைத் தடை செய்தது நினைவிருக்கும்.

கொதிக்கும் பாகு தண்ணீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு உள்ளே வரை வேகவைக்கும். பட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, இட்லி மாவு எதையும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சிதம்பரத்தில் காமராஜ் அரசு மருத்துவமனையும், அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாப்கார்ன் கொடுக்க வேண்டாம் என்கிறது. பொரியாத சோளமும் கடினமான தோலும் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட யாரையும் விடாதீர்கள். அண்ணன், அக்கா சாப்பிடும்போது சின்னது அழுதால், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒரு கிண்ணத்தில் போட்டு அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.