கோதாவரியின் பழைய இரும்புப் பாலம்

கலிங்கத்துப்பரணியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், கருணாகரத் தொண்டைமானின் படை வடதிசை நோக்கிச் செல்கையிற் கடந்த ஆறுகளின் பெயர்கள் வந்தன. அவற்றுட் கோதாவரியும் ஒன்று. யட்டவத்தயிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "அவ்வளவு பெரிய ஆற்றை இப்போது எப்படிக் கடக்கிறார்கள், ஐயா?" என்று வினவினான். மாரிகாலத்தில் ஓடை பெருகி மரப்பாலம் மூழ்குவதைக் கண்டு வளர்ந்தவனுக்கு அவ்வினா இயல்பானதே. மணியடித்துவிட்டமையால் அன்று விடை அரைகுறையாய் நின்றது. எஞ்சியதை இம்மலரிற் சொல்ல விழைகின்றேன்.

ஆந்திர நாட்டில் ராஜமுந்திரி நகரை அடுத்துக் கோதாவரி கடல்போல் அகன்று செல்கின்றது. பரணியின் தலைவனாகிய முதலாங் குலோத்துங்கனின் தந்தை இராசராச நரேந்திரனோடு தொடர்புடைய நகர் அது. ஆதலின் தமிழ் படித்தோர்க்கு முற்றும் அயலூர் அன்று. சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் இருப்புப்பாதைக்கு இவ்வாறே பெருந்தடையாயிருந்தது. 1897 நவம்பர் 11 ஆம் நாள் பாலவேலை தொடங்கியது. காசியிற் கங்கைமேற் பாலமமைத்த அனுபவமுடைய வால்ற்றன் என்னும் பொறியியலாளர் அதனை மேற்பார்வை செய்தார். மூன்றாண்டும் நிறையுமுன், 1900 ஓகஸ்ற் 30 இற் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 45.7 மீற்றர் நீளமான 56 கண்கள். மொத்த நீளம் இரண்டரைக் கிலோமீற்றருக்கும் மேல்.

அக்காலச் சென்னை ஆளுநர் ஆதர் ஹவ்லொக் பெயரே பாலத்திற்கு இடப்பட்டது. இப்பெயர் நமக்குப் புதியதன்று. சென்னைக்குச் செல்லுமுன் 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்தவர் அவரே. குடியானவரை வருத்திய நெல்வரி ஒழிந்ததும், மலைநாட்டுப் புகையிரதம் அப்புத்தளையை எட்டியதும் அவர் காலத்திலேயே. கொழும்பில் ஹவ்லொக் வீதி வழியே நாடோறும் செல்வோருள் எத்தனைபேர் இதனை அறிவர்?

இனிப் பாலத்தின் உட்பொருளுக்கு வருவோம். நான்கு ஈர்க்குகளைச் சதுரமாக வைத்து மூலைகளைக் குண்டூசியாற் பிணைத்துப் பாருங்கள். பக்கத்தில் மெல்லத் தள்ளினாற் சதுரம் சரிந்துவிடும். குறுக்கே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஐந்தாவது ஈர்க்கைப் பிணைத்தால் இரண்டு முக்கோணங்கள் உண்டாகும். பிறகு எவ்வளவு தள்ளினும் வடிவம் மாறாது. சட்டகப் பாலத்தின் இரகசியம் இவ்வளவே. வண்டி மேலேறும்போது மேற்சட்டம் நெருக்கப்படுகின்றது, கீழ்ச்சட்டம் இழுபடுகின்றது. இடையிலுள்ள சாய்சட்டங்கள் சுமையைப் பகிர்ந்து கற்றூண்களுக்குக் கடத்துகின்றன. இதனாற் கனத்த முழுவிட்டத்திற்கு வேண்டுமளவு உலோகம் வேண்டாமலே நீண்ட வெளியைத் தாண்டமுடிகின்றது.

ஆனால் முக்கோணத்திற்கும் முதுமை உண்டு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் அது முறியுமன்றோ? ஒவ்வொரு வண்டியும் பாலத்து உலோகத்தை நுண்ணளவிற் வளைத்தே செல்கின்றது. வண்டிகளின் கனமும் வரவரக் கூடிற்று. 1974 இல், மேலே வீதியும் கீழே இருப்புப்பாதையுமாக இரண்டாம் பாலம் எழுந்தது. 1997 இல் வில்வடிவக் கொங்கிறீற்றுப் பாலம் பழையதன் அருகே முடிவுற்றது. அதற்கு 28 கண்களே போதுமாயின. அவ்வாண்டிலேயே, 97 ஆண்டு உழைத்த ஹவ்லொக் பாலம் ஓய்வு பெற்றது.

ஓய்வு என்று சொன்னேன், சொல் பொருந்தவில்லை. இரும்பினாலான பாலம் தானாக நிற்பதன்று. சுரண்டித் துருநீக்கி வர்ணம் பூசும் கைகளும், தளர்ந்த ஆணிகளைத் தட்டிப்பார்க்கும் செவிகளுமே அதனை நிறுத்திவைத்திருந்தன. வண்டி நின்றவுடன் அவையும் நின்றுவிடுகின்றன. சுமையற்ற பாலமே விரைந்து அழிகின்றது என்பது வியப்பாயினும் உண்மை. பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்பார் ஒருசாரார். மக்கள் உலாவும் நடைபாதையாக்கலாம் என்பார் மற்றொரு சாரார். அத்தகைய திட்டங்கள் பலமுறை பேசப்பட்டுள்ளன. பேச்சுக்குத் துருவைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. விற்பதாயினும் பேணுவதாயினும் காலத்தாழ்வின்றி முடிவுசெய்தலே முறை என்பது என் எண்ணம். பேணுவதாயின் திறப்புவிழாச் செலவைவிட ஆண்டுதோறும் வர்ணம் பூசும் செலவையே முதலில் எண்ணவேண்டும்.

கோதாவரியைக் கடக்கும்போது புகையிரதச் சாளரத்தின் வழியே ஆற்றில் நாணயம் எறிந்து கும்பிடுதல் பயணிகளின் வழக்கம். புதிய பாலத்திலிருந்து அவ்வாறு கைநீட்டுவோர், பக்கத்தே வண்டியின்றி நீண்டு கிடக்கும் பழைய சட்டங்களையும் காண்பர்.