ஈழத்துத் தமிழின் பிரதேச வழக்குகள்: உயர்வு தாழ்வு பற்றிய ஒரு நோக்கு

ஒரு மொழியைப் பேசுவோர் யாவரும் அதனை ஒரே வகையாக ஒலிப்பதில்லை. திசைச்சொல் பற்றிக் கூறிய தொல்காப்பியர் இதனை உணர்ந்திருந்தார். எனினும், வேறுபாட்டை உணர்தல் வேறு. அதனை உயர்வு தாழ்வாக மதித்தல் வேறு. ஈழத்துத் தமிழைப் பொறுத்தவரை இவ்விரண்டும் அடிக்கடி மயங்குகின்றன. யாழ்ப்பாணத்துப் பேச்சே செம்மையானது, ஏனையவை அதன் சிதைவுகள் என்னும் எண்ணம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. மொழியியற் சான்றுகள் இவ்வெண்ணத்தை ஆதரிக்கின்றனவா?

‘காற்று’ என்னும் சொல்லின் றகர இரட்டை, யாழ்ப்பாணத்திலே நுனியண்ண வெடிப்பொலியாக நிலைபெற்றுள்ளது; மலையகத்தில் அது ‘காத்து’ எனத் தகரமாகின்றது. ‘உவன்’, ‘உது’, ‘உங்கை’ என்னும் உகரச் சுட்டுகளும் யாழ்ப்பாணத்திலே வழங்குகின்றன. இவற்றை மட்டும் நோக்கின் அவ்வழக்கே பழைமை பேணுவதாகத் தோன்றும். ஆனால், வினைமுற்றை நோக்கின் முடிவு மாறுகின்றது. யாழ்ப்பாணத்தவர் ‘போறன்’ என்பர். மலையகத்தவர் ‘போறேன்’ என்பர். இன்றைய எழுத்துத் தமிழின் ‘ஏன்’ விகுதியைக் காத்திருப்பது மலையக வழக்கேயாம். ‘மறுகா’ போன்ற தனிச் சொற்களையுடைய மட்டக்களப்பு வழக்கையோ, பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது எனக் கமில் சுவலபில் மதிப்பிட்டார். எனவே, அளவுகோல் மாறுந்தோறும் ‘செம்மை’யும் இடம் மாறுகின்றது.

அவ்வாறாயின் இழிவு எங்கிருந்து வந்தது? அது ஒலியிலிருந்து அன்று, பேசுவோரின் சமூக நிலையிலிருந்தே பிறந்தது. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் பேச்சில் ‘லயம்’, ‘பிரட்டு’ முதலிய சொற்கள் அவர்தம் உழைப்பு வரலாற்றைப் பதிவுசெய்துள்ளன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்தம் பேச்சும் அந்நியரின் அடையாளமாக நோக்கப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. பேச்சுக்குரிய மதிப்பை வழங்கச் சட்டத்தால் இயலாது.

யாழ்ப்பாணத்தினுள்ளேயும் இதே நியதி செயற்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் பேச்சு 1960களில் படைப்பிலக்கியத்துட் புகுந்தபோது, மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என இகழ்ந்தனர். முற்போக்கு எழுத்தாளர் அவ்விகழ்ச்சியை ஏற்கவில்லை. 1972இல் கே. டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்தபின், அவ்வழக்கின் ஆற்றலை மறுத்தல் எளிதாயிருக்கவில்லை.

எழுத்துத் தமிழ் யாவர்க்கும் பொதுவானது. அதனைக் கற்பித்தல் வேண்டும். ஆயின், மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் வழக்கை வகுப்பறையில் நகைப்புக்குரியதாக்குதல் மொழிப்பற்று ஆகாது. அது பழைய சமூக ஏற்றத்தாழ்வை இலக்கணத்தின் பெயரால் மீண்டும் நிலைநிறுத்துவதேயாகும்.