வளைந்து செல்லும் ஒளி: எண்டோஸ்கோப்

உடலைக் கீறாமல் இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே சென்று பார்க்கும் கருவி இது. 1868இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் விறைப்பான உலோகக் குழாயால் இரைப்பையைப் பார்த்தார். வாள் விழுங்கும் வித்தைக்காரரால்தான் அதைத் தாங்க முடிந்தது.

இழையில் ஏறிய படம்
பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியே படத்தைக் கடத்திக் காட்டினார். 'நேச்சர்' இதழ் 1954இல் அதை வெளியிட்டது. 1957இல் மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், இத்தகைய இழைகளால் தம் குழு செய்த வளையும் கருவியைத் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். கபானிக்கு 2021இல், மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

எப்படி இயங்குகிறது?
ஒவ்வோர் இழைக்கும் வேறுவகைக் கண்ணாடியில் ஓர் உறை உண்டு. ஒளி வெளியே கசியாமல் உள்ளேயே எதிரொளித்துச் செல்ல அதுவே காரணம். காஞ்சிபுரத் தறியின் பாவு நூல்போல, படம் கடத்தும் இழைகள் இரு முனையிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்; வரிசை மாறினால் படம் குலையும். வெளிச்சம் மட்டும் தரும் இழைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கைப்பிடிச் சக்கரங்கள் உள்கம்பிகளை இழுத்து நுனியைத் திருப்பும். தனித் துளைகள் வழியே காற்றும் நீரும் திசு எடுக்கும் இடுக்கியும் செல்லும். 1980களிலிருந்து, படம் கடத்தும் இழைகளுக்குப் பதிலாக நுனியிலேயே சிறு கேமரா வரத் தொடங்கியது.

தமிழ்நாட்டில்
கண்ணாடி, மின்னணு, வாகன உதிரிபாகத் தொழில்கள் வேரூன்றிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில், 350 ஏக்கரில் மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் மருத்துவக் கருவிகள் பூங்கா திட்டமிடப்பட்டது. நுண்ணிய வேலைப்பாட்டில் தேர்ந்த இங்குள்ள கைகள் இத்தகைய உயிர்காக்கும் கருவிகளையும் செய்ய வல்லவை.