உங்களுக்குத் தெரியுமா? தரம் 8 புள்ளிகள் ஓ.எல். சான்றிதழில் வருவதில்லை!

யாழ்ப்பாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை முடிந்ததும் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும். புள்ளி, சராசரி, வகுப்பு நிலை பார்த்துப் பெற்றோர் ஒப்பமிடுவர். தரம் 6 முதல் 9 வரையான அந்தத் தவணைப் புள்ளிகள் க.பொ.த. சாதாரண தர (ஓ.எல்.) சான்றிதழில் ஏறுவதில்லை. மேற்படிப்புக்குப் பார்க்கப்படுபவை வேறு:

● க.பொ.த. உயர்தரம் கற்க, பொதுவாகச் சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். 3 பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும்.

● பல்கலைக்கழக அனுமதியில் உயர்தர இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே முக்கியம்.

ஆனாலும் தரம் 7இல் பின்னம் விளங்காத பிள்ளைக்குத் தரம் 11இல் அட்சரகணிதம் பெருஞ்சுமை. பெற்றோரே, வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்குமுன், எந்தப் பாடத்தில் பிள்ளை பின்நிற்கிறது என்று பாருங்கள். தரம் 9 முடியுமுன் அதைச் சீராக்குங்கள்.